ஆறாவது கையெழுத்து

சரோஜினிதேவி ஆறு பிள்ளைகளில் மூன்றாவது. மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராக வெளிநாடு போக, படுக்கையில் கிடந்த தாய்தகப்பனைப் பார்க்க அவள் வேலணையில் நின்றுவிட்டாள். கல்யாணப் பேச்சும் அப்படியே தள்ளிப் போய், பிறகு யாரும் எடுக்கவில்லை. தகப்பன் கண்மூடுவதற்கு முதல்நாள், "தோட்டக்காணி தேவிக்குத்தான்" என்று லண்டனில் இருந்த கடைசி மகன் தியாகலிங்கத்துக்கு ரெலிபோனில் சொன்னார். ஆனால் எழுதி வைக்கவில்லை. குடியிருக்கும் வீடு மட்டும் அவள் பெயரில் இருந்தது. அதை ஒட்டிய பன்னிரண்டு பரப்புத் தோட்டக்காணியிலும் இருபத்திரண்டு வருடமாக வெங்காயம் நட்டவள் அவள்தான்.

போன தை மாதம் தியாகலிங்கம் ரெலிபோனில் கதைத்தான்.

"அக்கா, சோலார் கொம்பனிக்காரர் எங்கட காணியை இருபத்தைஞ்சு வருசக் குத்தகைக்குக் கேக்கினம். நாங்கள் அஞ்சு பேரும் கையெழுத்து வைச்சிட்டம். இனி உங்கடது ஒண்டுதான்."

"வெங்காயம் நட்டிருக்கு."

"அதைக் கிண்டின பிறகுதான் வேலை துடங்குவினம். நான் சொல்லிப்போட்டன்."

தகப்பன் சொன்ன பேச்சை அவள் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை.

"ஓம்" என்றாள்.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப் போய், குத்தகை உறுதி எழுதின நொத்தாரிசு காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்து வைத்தாள். குத்தகை முடியும்போது தனக்கு எண்பத்தாறு வயது என்று திரும்பி வரும் வழியில் நினைத்தாள். நினைத்ததோடு சரி.

பங்குனிவரை பொறுப்பதாகக் கொம்பனி எஞ்சினியர் வசீகரன் சொல்லியிருந்தான். ஆனால் மாசி நடுப்பகுதியிலேயே மண் கிண்டும் பெக்கோ இயந்திரம் வந்து வாசல் படலையில் நின்றது.

"மேலிடத்தில அவசரப்படுத்தீனம் அம்மா. குறை நினையாதேங்கோ. ரெண்டு நாள் தாறன்."

அவள் தலையாட்டினாள். வெங்காயம் இன்னும் முற்றவில்லை. குமிழ் கோலிக்குண்டு அளவுதான். பக்கத்து வீட்டு மீனலோசனி துணைக்கு வர, இருவரும் தாளோடு பிடுங்கிப் பிடுங்கிக் குவித்தார்கள்.

"தேவியக்கா, அந்த எஞ்சினியர்ப் பெடியனிட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம்."

கை மட்டும் நிற்காமல் பிடுங்கியது. சந்தையில் அதை யாரும் வாங்க மாட்டார்கள். அயலுக்குக் கட்டுக்கட்டாகக் கொடுத்தாள். வேலியடைக்க வந்த வேலையாட்கள் சமையலுக்குக் கேட்டார்கள், அவர்களுக்கும் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் காலை இயந்திரம் இறங்கியபோது, தெற்கு மூலையில் பற்றைக்குள் ஒரு பாழ்கிணறு கிடப்பது நினைவுக்கு வந்தது. ஓடிப்போய்க் கையைக் காட்டி மறித்தாள்.

சாரதி றொஜன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தான். "நல்ல காலம் சொன்னியள் அம்மா. பெக்கோவோட உள்ளுக்கை போயிருப்பன்."

முதலில் அந்தக் கிணற்றை மூடினார்கள். பிறகு வரம்புகளைத் தட்டினார்கள். மத்தியானத்துக்குள் காணி ஒரே மட்டமாகிவிட்டது. அழுகை வரும் என்று மீனலோசனி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரவில்லை.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்தது. சோலார் தட்டுகளில் விழுந்த தண்ணீர் முழுக்க வழிந்து அவளுடைய முற்றத்துக்குத் திரும்பி, குசினிக்குள் அடுப்படியில் கணுக்கால் அளவுக்கு நின்றது. வசீகரனுக்கு ரெலிபோன் அடித்தாள். "ஆள் அனுப்புறன் அம்மா" என்றான். தியாகலிங்கத்துக்கு அடித்தாள். "நான் அவங்களோட கதைக்கிறன் அக்கா" என்றான். இரண்டு நாளாக யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் மண்வெட்டியை எடுத்து, கம்பிவேலி ஓரமாகத் தெருவரைக்கும் வாய்க்கால் வெட்டினாள். பின்னேரம் தண்ணீர் வடிந்தது. மீனலோசனி கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணீரை அது ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.