மாப்பிள்ளை கேட்ட மறு சாம்பார்

ஜங்ஷன் ரோட்டு ஓட்டலில் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் யாரும் வாய் திறந்து சொல்ல முடியாது. சித்திக்குக் கோபம் வந்துவிடும். உண்மையில் அது தண்ணியாகத்தான் இருக்கும். முருங்கைக்காய் ஒரு துண்டு அகப்பட்டால் அன்றைக்கு நமக்கு நல்ல நேரம். ஆனாலும் நானும் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வாளி சாம்பாருக்கு நன்றி பாராட்டுவது கொஞ்சம் அசட்டுத்தனம்தான். இருந்தாலும் எனக்கு அந்த நன்றி உண்டு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சித்தி அம்மாவின் தங்கை. அவர்களுடைய அப்பா அம்மா இருவரும் போன பிறகு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஒரு பீங்கான் கம்பெனியில் டீ கப்புகளுக்குக் காது ஒட்டுகிற வேலை. காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவளும் டிபன் பாக்ஸோடு கிளம்புவாள். சாயங்காலம் அவள் திரும்பி வரும்போது புடவைக் கரையில் வெள்ளை மண் காய்ந்து ஒட்டியிருக்கும். மூக்கு உடைந்த பீங்கான் பொம்மைகளை எனக்குக் கொண்டுவந்து தருவது அவள்தான் என்பதால் அந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு அந்த மரியாதை இல்லை. வேலைக்குப் போய்ப் பழகிய பெண் அடங்கமாட்டாள் என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். "ஊருக்குப் போயி கலந்துகிட்டு போன் பண்றோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அப்பா அப்போதுதான் செல்போன் வாங்கியிருந்தார். குளிக்கப் போகும்போதுகூட அதை அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். அது அடிக்கவே அடிக்காது. எப்போதாவது அடித்தால் யாரோ ஒரு பெண் பாட்டு வேண்டுமா என்று கேட்பாள்.

திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். அம்மாவுக்கு அந்த இடம் மிகவும் பிடித்துவிட்டது. இதுவும் தட்டிப் போனால் இனி யார் வருவார்கள் என்று அவள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவுக்கே தெரிந்துபோகும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்திப்பது என்று ஏற்பாடு. இரண்டு குடும்பமும் பட்டுப்புடவையும் பட்டு வேட்டியுமாகத் தற்செயலாகச் சந்தித்தோம்.

பிரகாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா என்று மூன்று பேர் வந்திருந்தார்கள். பேச்செல்லாம் அந்த அப்பாதான். எதை எடுத்தாலும் முறை, முறை என்பார். விபூதி பூசுவதற்கும் ஒரு முறை சொன்னார். பிறகு சித்தியைப் பார்த்து, "ஏம்மா, கல்யாணத்துக்கு அப்பறம் வேலய வுட்டுடுவ இல்ல?" என்று கேட்டார்.

அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தாள். சித்தியும் தலையாட்டியிருந்தாள்.

"வுடமாட்டேங்க," என்றாள் சித்தி. "திட்டக்குடியிலேருந்து பஸ்ஸு இருக்குது. போயிட்டு வந்துடுவேன்."

அதுவரை கல்தரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்து சித்தியைப் பார்த்தார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவருடைய அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஊருக்குப் போயி கலந்துகிட்டு போன் பண்றோம்."

அப்பா விடவில்லை. "சாப்புடற நேரம். ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போலாங்களே," என்றார்.

"பேச்சு முடியாம பொண்ணு வூட்டு சாப்பாட்டுல கை நனைக்கக் கூடாதுங்க. கை நனைச்சா சம்மதம்னு ஆயிடும். மொறைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

அவர்கள் போய்விட்டார்கள். சித்தி தலையிலிருந்த பூவைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நடந்தாள். அம்மா அவளை விட்டு நாலடி முன்னால் நடந்தாள். வீட்டில் சமைத்திருக்கவில்லை. அப்பா எங்களை ஜங்ஷன் ரோட்டு ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொண்டாட்டமாக இருந்தது. ஓட்டல் சாப்பாடு என்றால் எந்தத் துக்கத்தையும் தள்ளி வைக்கிற வயது.

ஓட்டலில் கால் வைக்க இடமில்லை. சர்வர், ஒல்லியான மனிதர், தோளில் ஈரத்துண்டு, எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். காலையில் கோயிலில் எங்களையும் அவர்களையும் சேர்த்துப் பார்த்திருந்தார் போல. "வாங்க வாங்க. ஒங்காளுங்க உள்ளதான் இருக்காங்க. எடம் போட்டுடறேன்," என்று சொல்லிக்கொண்டே குடும்ப அறைக் கதவைத் தள்ளினார். உள்ளே ஒரே நீளமேஜை. அதில் மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் அப்பாவும் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா பின்வாங்கப் பார்த்தார். பின்னால் ஒரு கூட்டம் நெருக்கிக்கொண்டு நின்றது. இதற்குள் சர்வர் அந்த வரிசையிலேயே எங்களுக்கும் நான்கு இலைகளைப் போட்டுவிட்டார். அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா என்றுகூடக் கேட்கவில்லை. சம்பந்தி வீட்டு விருந்து என்றே முடிவு கட்டி எல்லாருக்கும் முழுச் சாப்பாடு பரிமாற ஆரம்பித்தார். முழுச் சாப்பாடு என்றால் போதும் என்று நாம் சொல்லுகிறவரை போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். "இது ஓட்டலு. இது கை நனைச்சதுல சேராது," என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "ஆமாங்க, ஆமாங்க," என்றார் அப்பா.

எனக்கென்று தனி இலை கிடைத்தது அன்றைக்குத்தான். வீட்டில் அரை அப்பளம் தருகிற அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சர்வர் எனக்கு முழு அப்பளம் வைத்து அதன் மேல் இன்னொன்றும் வைத்தார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். ஆனால் பெரியவர்கள் எல்லாரும் பரீட்சை எழுதுகிற மாதிரி குனிந்து சாப்பிட்டார்கள். சித்தி சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். அப்பா சாம்பார், ரசம், மோர் என்று ஒரே மூச்சில் முடித்து, இலையை மடித்து, எழுந்திருக்கப் போனார். அந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்று அவருக்கு இருந்திருக்கும்.

"உக்காருங்க," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "பந்தியில ஒருத்தர் சாப்புட்டுட்டு இருக்கும்போது எந்திரிக்கறது மொறை இல்ல."

அப்பா உட்கார்ந்தார். மற்றவர்களும் மோருக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மோர் சாதத்தை முடித்து, இலையை மடிக்கக் கையை வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை எடுத்துவிட்டு, "அண்ணே, கொஞ்சம் சோறு. சாம்பாரு," என்றார்.

மோர் சாப்பிட்டவர் மறுபடி சாம்பாருக்குத் திரும்பியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அம்மா, இவங்க திரும்பவும் மொதல்லேருந்து சாப்புடறாங்க," என்றேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சித்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

சர்வர் முகம் சுளிக்கவில்லை. சோற்றை வைத்து, சாம்பாரை ஊற்றி, வாளியை அங்கேயே மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நின்றார். வெளியே திட்டக்குடி பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது. மாப்பிள்ளையின் அப்பா வாசலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், எழுந்திருக்க முடியாமல் காய்ந்துபோன கையோடு உட்கார்ந்திருந்தார்.

சும்மா உட்கார்ந்திருந்தால் பெண்களுக்குப் பேச்சு வந்துவிடும். மாப்பிள்ளையின் அம்மா சித்தி பக்கம் திரும்பினார்.

"கம்பெனியில என்ன வேலம்மா பண்ற?"

"கப்புக்குக் காது ஒட்டுவேங்க."

"அதுக்குன்னு தனியா ஆளு இருக்குதா? நான் கப்போடவே வரும்னு நெனச்சிட்டு இருந்தேன்."

சித்தி சொல்ல ஆரம்பித்தாள். காதைத் தனியாக வார்ப்பது, கரைத்த மண்ணைத் தொட்டு ஒட்டுவது, கொஞ்சம் கோணினாலும் அது சூளைக்குள் கழன்று விழுந்துவிடுவது. கைகளைக் காற்றில் வைத்துக் காட்டினாள். வாடிக் குனிந்திருந்த சித்தி போய், எனக்குத் தெரிந்த சித்தி வந்துவிட்டாள். மாப்பிள்ளை இதற்குள் வத்தக்குழம்பும் முடித்து, ரசம் கேட்டிருந்தார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கும் டீச்சர் ட்ரெயினிங்ல எடம் கெடச்சுது," என்றார். "இவங்க வூட்டுல வேணான்னுட்டாங்க. இப்பவும் ஸ்கூலு பெல்லு அடிச்சா மனசு ஒரு மாதிரி ஆவுது."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ரசத்தில் உப்பு குறைவு என்பது போலத்தான் சொன்னார். மாப்பிள்ளையின் அப்பா திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். "மனசு அப்பிடி ஆவுதுன்னு எங்கிட்ட நீ சொன்னதே இல்லியே," என்றார். "நீங்க கேக்கலியே," என்றார் அவர்.

இன்னொரு பஸ் போயிற்று. அந்த அறையில் மாப்பிள்ளை ரசம் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவருடைய அப்பா தன் இலையை மெதுவாகத் தன் பக்கமாக மடித்தார்.

"காலைல எத்தன மணிக்குப் போவணும் வேலைக்கு?" என்று சித்தியைக் கேட்டார்.

"எட்டு மணிக்கு உள்ள இருக்கணுங்க."

"மொத பஸ்ஸ புடிச்சா வந்துடலாம்," என்றார். பிறகு அப்பாவிடம், "வர்ற வெள்ளிக்கெழம வூட்டுக்கு வரோங்க. கை நனைக்கறதுக்கு," என்றார். அப்பா எச்சில் கையோடு கும்பிட்டார். மாப்பிள்ளை உடனே இலையை மடித்தார். சர்வர் அப்போதுதான் வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் விருந்துக்கு அம்மா பெரிய பானை இறக்கிச் சமைத்தாள். புது மாப்பிள்ளை சாப்பிடுகிற அளவைத்தான் கண்ணால் பார்த்திருக்கிறோமே. சித்தப்பா ஒரு கரண்டிச் சோற்றோடு கையை எடுத்துவிட்டார். எனக்குப் பெரிய ஏமாற்றம். "அன்னிக்கு மட்டும் அவ்ளோ சாப்ட்டீங்களே?" என்று கேட்டேன். "அன்னிக்குப் பசி," என்றார்.

நான் அதை நம்பினேன். பல வருடம் நம்பினேன். சித்தி இன்றும் முதல் பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறாள். கல்யாண நாளன்று இரண்டு பேரும் அதே ஓட்டலில் சாப்பிடுவார்கள். போன முறை என்னையும் கூப்பிட்டார்கள். சித்தப்பா தயிர் சாதத்தோடு நிறுத்திக்கொண்டார். கை கழுவ அவர் எழுந்து போனபோது சித்தி சொன்னாள்: "அன்னிக்கு பஸ்ஸு பெண்ணாடம் தாண்டறதுக்குள்ள எறங்கி வாந்தி எடுத்தாராம். ரெண்டு நாளு கஞ்சிதானாம்."

தன் அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனிதர் அவர். எழுந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பசியே இல்லாமல் ஒருவர் அவ்வளவு சாப்பிடுவார் என்பது, இரண்டு அப்பளத்தோடு உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியவில்லை.