நான் அஞ்சலையை விற்ற சனிக்கிழமை

ஒன்பது வயதில் நான் ஒரு பெண்ணை நூறு ரூபாய்க்கு விற்றுவிட்டதாக நம்பினேன். வாங்கியது ஒரு வெள்ளைக்கார அம்மாள். விற்கப்பட்டது என்னோடு நான்காம் வகுப்பில் படித்த அஞ்சலை. இதைச் சொன்னால் என் மனைவி, "ஒரு கிலோ தக்காளியை அழுகாம வாங்கத் துப்பில்ல, நீங்க ஆளை வித்தீங்களாக்கும்" என்கிறாள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் அந்த வாரம் நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மாமல்லபுரத்தில் எங்கள் பள்ளிக்கூடம். எங்கள் டீச்சர் செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அந்த வருடம் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, வேறு ஆளாகத் திரும்பி வந்தார். எந்தப் பாடத்தையும் பிள்ளைகள் கையால் செய்துதான் படிக்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருந்தார்களாம். உடனே ஆளுக்கொரு கொட்டாங்குச்சியில் பச்சைப்பயறு போட்டோம். எல்லோருடையதும் முளைத்தது. என்னுடையது முளைக்கவில்லை. முளைக்கிறதா என்று நான் தினமும் தோண்டிப் பார்த்ததுதான் காரணம் என்று டீச்சர் சொன்னார். எனக்கு அது பயறின் குற்றமாகத்தான் பட்டது.

அடுத்து வந்தது லாப நட்டக் கணக்கு. "போர்டுல எழுதினா இது ஏறாது. வித்துப் பாத்தாத்தான் ஏறும்" என்றார் டீச்சர். கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்கி, கழுவி, மாலையாகக் கோத்து, கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சனிக்கிழமை விற்பது என்று திட்டம். வருகிற பணத்தில் வகுப்பின் உடைந்த ஓடுகளை மாற்றிவிடலாம். மழை பெய்தால் நாற்பது பேரும் ஒரே மூலையில் ஒண்டி உட்கார்ந்து திருக்குறள் சொல்லிக்கொண்டிருந்த வகுப்பு அது.

டீச்சருக்கு ஓடு பற்றிய கவலையோடு இன்னொரு கவலையும் இருந்தது. அதுதான் அஞ்சலை.

அஞ்சலை குப்பத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். வீட்டில் சொல் செல்லுபடியாவது மாமாவுக்குத்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் சிப்பிக்கடை வைத்திருந்தார். பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடப் போவதாக அவர் சொல்லியனுப்பியதும் டீச்சர் அவரைத் தேடிப் போனார். டீச்சரின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போயிருந்தேன்.

"கணக்கு ஒண்ணும் வரல டீச்சர். அங்க குந்திகினு இன்னா பண்ணப் போறா" என்றார் மாமா.

"வரும். சனிக்கிழமை நீங்களே வந்து பாருங்க. அவ கணக்குப் போடறதப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

சரி என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் டீச்சர் வேகமாக நடந்தார். பையோடு நான் பின்னால் ஓடினேன்.

அஞ்சலைக்குப் பலகையில் எழுதினால் கணக்கு வராது என்பது உண்மை. ஆனால் கிளிஞ்சல் வேலை வந்ததும் வகுப்பின் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் காம்பஸ் முனையால் கிளிஞ்சலில் ஓட்டை போடப் போய் என் கட்டைவிரலில் போட்டுக்கொண்டேன். "தா இப்படி" என்று பிடுங்கி, அதன் முதுகுக் குமிழைச் சிமெண்டுத் தரையில் நாலு தேய் தேய்த்தாள். ஓட்டை தானாக விழுந்தது. அன்று முதல் வகுப்பு முழுக்கத் தரையைத் தேய்த்தது. பக்கத்து வகுப்பு சார் பல் கூசுகிறது என்று புகார் சொன்னார்.

சனிக்கிழமை வந்தது. சவுக்கு மர நிழலில் பாய் விரித்தோம். எனக்கு ஆங்கிலப் பொறுப்பு. அப்பா தபால் ஆபீஸில் வேலை பார்ப்பதால் எனக்கு ஆங்கிலம் தெரிந்திருக்கும் என்று டீச்சர் நம்பினார். நானும் நம்பினேன். அஞ்சலை ஒரு மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள்.

ஒரு வேன் நிறைய வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். என் ஆங்கிலம் அந்த நேரம் பார்த்துத் தொண்டைக்குள் போய்விட்டது. அஞ்சலைக்கு அது தேவையும் படவில்லை. விரலைக் காட்டினாள். அவர்கள் குறைத்துக் கேட்டால் வாயைத் திறக்காமல் மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடைக்குள் வைக்கத் தொடங்கினாள், கடையைக் கட்டுகிறவள் போல. அவர்கள் பதறி ஒன்றுக்கு மூன்றாக வாங்கினார்கள். மூன்று மாலைக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று டீச்சர் மனதுக்குள் கூட்டி முடிக்கும்முன் சில்லறை அவர்கள் கைக்குப் போய்விட்டது.

டீச்சர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் சாய்ந்து நின்றிருந்த மாமாவின் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பதுபோலத் தலையசைத்தார். மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். டீச்சரை அல்ல, அஞ்சலையின் கைகளை.

கடைசியில் ஒரு அம்மாள் அஞ்சலையின் பக்கம் விரலை நீட்டி என்னிடம் "ஹவ் மச்" என்றார். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஆங்கில எண்களில் பெரியது நூறு. "ஹண்ட்ரட்" என்றேன். அந்த அம்மாள் சிரித்தார். நூறு ரூபாய்த் தாளை என் கையில் கொடுத்தார். பிறகு அஞ்சலையின் கையைப் பிடித்து வேன் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். கழுத்தில் மாலையோடு அவளும் போனாள்.

தாளை டீச்சரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது வேனும் இல்லை, அஞ்சலையும் இல்லை.

அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திங்கட்கிழமை வருகைப் பதிவு எடுக்கும்போதுதான் உறைத்தது. அஞ்சலையின் பெயர் வந்ததும் டீச்சர் நிறுத்தினார். ஏன் வரவில்லை என்று யாரையும் கேட்கவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார். முகம் செத்துக் கிடந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அந்த விரல் மாலையைக் காட்டவில்லை. நான் விற்றது மாலையை இல்லை. டீச்சருக்கும் விஷயம் தெரியும். பணத்தை வாங்கிப் பையில் போட்டவர் அவர் என்பதால் வாயைத் திறக்காமல் இருக்கிறார்.

சட்ட ஆலோசனைக்கு என் சித்தப்பாவிடம் போனேன். அவர் டூரிஸ்ட் வேனில் கிளீனர். உலகம் தெரிந்தவர்.

"வெள்ளைக்காரங்க ஆளுங்கள வாங்குவாங்களா சித்தப்பா?"

"வாங்குவாங்களே. இன்னா, உன்ன விக்கப் போறியா? பழைய இரும்பு ரேட்டு கூட வராதுடா."

"பொண்ணுன்னா?"

"எவ்ளோ வெயிட்டு?" என்று முகத்தை மாற்றாமல் கேட்டார்.

"பணத்தத் திருப்பிக் குடுத்தா வுட்டுடுவாங்களா?"

"ஏரோப்ளேன் ஏறிட்டா வாபஸ் கெடையாது நைனா."

அதோடு எனக்குக் காய்ச்சல் கண்டது. கடல் பக்கம் விமானச் சத்தம் கேட்டால் போர்வைக்குள் போய்விடுவேன். ஜன்னல் வட்டத்தில் அஞ்சலை முகத்தை வைத்துக்கொண்டு கீழே என்னைப் பார்ப்பதுபோல் இருக்கும். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். "நெடியே வரல பாரு, பெரிய கண்ணு" என்று தெருவையே சந்தேகப்பட்டாள். காக்கிச் சட்டையில் யார் வந்தாலும் கட்டிலுக்கு அடியில் புகுந்தேன். தபால்காரரும் காக்கிதான் போடுவார். அப்பாவோடு வேலை பார்ப்பவர், எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வந்த மனிதர், என் கால்களோடு மட்டும் பேசிவிட்டுப் போனார்.

காய்ச்சல் விட்டதும் ரொட்டி வாங்கி வரச் சொல்லி அம்மா பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினாள். சிப்பிக்கடை வரிசையைத் தாண்டும்போது பார்த்தேன். ஒரு உயரமான ஸ்டூலில், கால் தரையில் எட்டாமல், அஞ்சலை உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடா பேயப் பாத்தமாரி பாக்கற?"

"நீ ஃபாரின் போகல?"

"மூள கீதா ஒனக்கு. போட்டோ புடிச்சாங்க. ஒரு பிஸ்கட் பாக்கெட்டு குடுத்தாங்க. மாமா வூட்டுக்கு இட்டாந்துட்டாரு."

"அப்ப ஸ்கூலு?"

உள்ளே மாமா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இன்னா பாடம் ஓடுது?"

"பின்னம். நான் காய்ச்சல்ல பூட்டேன். டீச்சர் சப்பாத்தி எடுத்தாந்து பாதி, கால்னு கிழிச்சிக் காமிச்சாங்களாம். அப்புறம் எல்லாரும் துன்னுட்டாங்களாம்."

"எனக்கு ஒரு துண்டு எடுத்து வெக்கலையா?"

பதில் சொல்வதற்குள் ஒரு டூரிஸ்ட் கும்பல் கடைக்குள் வந்துவிட்டது. அவள் ஸ்டூலிலிருந்து குதித்து அவர்களிடம் போனாள்.

ரொட்டியை மறந்து பள்ளிக்கு ஓடினேன். என் கழுத்தில் இருந்த தூக்குக் கயிறு அவிழ்ந்துவிட்டது. டீச்சரின் கயிற்றையும் நானே அவிழ்த்துவிடப் போகிறேன் என்ற பெருமிதம் வேறு. மூச்சிரைக்க அவர் முன்னால் போய் நின்றேன்.

"டீச்சர், அஞ்சலையை யாரும் வாங்கினு போகல டீச்சர். அவ மாமா கடையிலதான் கீறா."

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். "தெரியும்டா" என்றார். பிறகு, என்னிடம் சொல்லாத மாதிரி, "நான்தானே அவரை வரச் சொன்னேன்" என்றார். போர்டைத் துடைக்கத் தொடங்கினார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நல்ல செய்தியைக் கூட ரசிக்கத் தெரியாத டீச்சர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதன்பின் நாங்கள் எதையும் செய்தோ விற்றோ படிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தோம். ஓடு மாற்றப் பணம் சேர்ந்துவிட்டது, இனி எதற்கு விற்க வேண்டும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஓடுகளை மாற்றினார்கள். ஒழுகவில்லை.

டீச்சரைப் பல வருடம் கழித்துச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். நான் ஒரு பெண்ணை விற்ற கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு, நான் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நடந்ததைச் சொன்னார்.

மாமா வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டே சொல்லியிருக்கிறார்: "நல்லா கத்துக் குடுத்துட்டீங்க டீச்சர். கடைக்கு இது போதும்."

மறுநாள் காலையிலிருந்து அஞ்சலை கடையில் உட்கார்ந்தாள். டீச்சர் மூன்று முறை போய்க் கேட்டார். மாமா அவளை அனுப்பவில்லை.