செவ்வாய்க்கிழமைச் சட்டைகள்

“தையல் மெஷினுக்கு இங்கிலீஷ் எதுக்கு?” கலஹா பஸ்ஸில் ஆங்கிலப் புத்தகமும் கையுமாக நின்ற பிரேமிளாவிடம் யாரோ கேட்டார்கள். தினமும் அதே பஸ்ஸில் போகிற நான் பக்கத்தில்தான் நின்றேன்; அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

பிரேமிளா பல்லேகல ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடமாகக் காலர் தைக்கிறாள். குனிந்தே கழுத்து போய்விட்டது. தரம் பார்க்கும் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்றதும் அவளுக்கு அதே நினைப்பு. ஆனால் சட்டை வாங்கும் கம்பெனியிலிருந்து வரும் வெளிநாட்டு அம்மா ஒருவரிடம் ஆங்கிலத்தில் பேசிக் காட்ட வேண்டும்.

படித்ததைச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மெஷினில் தைக்கும் சித்தி றலியா என்ற முஸ்லிம் அக்காவிடம் சொல்லிப் பார்ப்பாள்.

“கேளுங்க ராத்தா. ‘வேர் இஸ் த நீடில்’னு நேரா கேட்டா ‘இஸ்’ முந்திக்கிட்டு நிக்கும். ‘டெல் மீ’னு தொடங்கினா, ‘டெல் மீ வேர் த நீடில் இஸ்’. உள்ளுக்குப் போனதும் ‘இஸ்’ கடைசிக்குப் போயிரும்.”

“எங்கட ஊட்டு மனுசன் போல. வெளிய சண்டியன், உள்ளுக்கு வந்தா மூலையில!”

“சிரிக்காதீங்க. நாம ‘நான் தச்ச சட்டை’ம்போம். அவங்க சட்டைய முதல்ல எடுத்து வச்சிட்டுத்தான் யார் தச்சதுங்கிற கதைய ஒட்டுவாங்க. ‘த ஷர்ட் தட் ஐ மேட்’.”

தைக்கும்போதும் அவள் வாய் ஓயவில்லை.

நேர்முகத் தேர்வில் அந்த அம்மா காலர் கோணிய ஒரு சட்டையை மேசையில் வைத்தார். இருபத்துநாலு சட்டை கொண்ட கட்டோடு இருக்க வேண்டிய, தைத்தவர் எண் எழுதிய துண்டைக் காணோம்.

“டூ யூ நோ ஹூ மேட் திஸ்?”

பார்த்ததும் பிரேமிளாவுக்கு விளங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆங்கிலம் முணுமுணுத்தபடி அவளே தைத்தது. ‘நோ’ என்றால் போதும், வேலை கைக்கு வந்துவிடும். சட்டையைக் கையில் எடுத்தாள்.

“தட் இஸ் த ஷர்ட் தட் ஐ மேட் ஒன் டியூஸ்டே,” என்றாள்.

வேலை பக்கத்து வரிசையில் தைக்கும் தர்ஷிகாவுக்குப் போனது. பிரேமிளா அந்தக் கட்டின் இருபத்துநாலு காலரையும் பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

“தெரியாதுண்டு சொல்லியிருக்கலாமே புள்ள,” றலியாவுக்கு மனம் பொறுக்கவில்லை.

“சொல்லியிருந்தா, நாளைக்கு நீங்க கோணலா தச்சத எந்த முகத்தோட திருப்பித் தருவேன்?”

“நான் எப்ப கோணலா தச்சேன்?”

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் மறுபடி ஆள் எடுக்கிறார்கள். பிரேமிளா மறுபடி போகிறாள். இப்போது றலியாவும் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பல்லேகலப் பக்கம் வேலைக்குப் போகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள்; பஸ்ஸில் அந்தக் கேள்வி கேட்டவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.