தலைக்கு மீதி வைத்த எண்ணெய்

கோயில் மணி எனக்குப் பழகிய ஓசை. விடியற்காலை மணிக்கு எழுந்து உலை வைப்பேன், அந்தி மணிக்கு விளக்கேற்றுவேன். ஆனால் கையால் ஆட்டுகிற சின்ன மணி ஒன்று உண்டு. நோயாளிக்கு நன்மை என்கிற தேவ அப்பம் கொடுக்கச் சாமியார் தெருவில் நடந்து வரும்போது கோயில்பிள்ளை அவருக்கு முன்னால் அதை ஆட்டிக்கொண்டு வருவார். அது காதில் விழுந்ததும் கத்தோலிக்கர்களான நாங்கள் நின்ற இடத்திலேயே முழங்கால் போடுவோம். அந்த மணி யார் வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டில் அவஸ்தைப்பூசுதல். சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசி வழியனுப்புவது. எங்கள் மன்னார்புரத்துத் தெருவில் அதற்கு வேறு பொருள் கிடையாது. என் அப்பாவுக்குப் பூசிய அன்று, ஏற்றி வைத்த மெழுகுவத்தி கரைவதற்குள் அவர் போய்விட்டார்.

அதனால்தான் என் மகள் விஷக்காய்ச்சலில் படுத்திருந்தபோது, கணவர் மெதுவாக ஆரம்பித்த பேச்சை நான் வெட்டினேன்.

"சாமியாரைக் கூப்பிட்டு வரட்டுமா?"

"எதுக்கு?"

"பூசிட்டா பிள்ளைக்கு நல்லதுதானே."

"அவ ஸ்கூலுக்கு லீவு போட்டிருக்கா. அவ்வளவுதான்."

"நான் வேற என்ன சொன்னேன்?"

"நீங்க சொல்லலைங்க. அந்த எண்ணெய் சொல்லும்."

எனக்கு இருந்த பயம் அவளைப் பற்றியது. எதிர்வீட்டுப் பெரியவருக்கு மணி வந்தது காலையில். சாயங்காலம் பறை வந்தது. அப்போதே அவள் கேட்டாள்: "மணி வந்தா செத்துப் போயிடுவாங்களாம்மா?" நான் ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினேன். ஒன்பது வயதுப் பிள்ளை. அந்த மணி எங்கள் வாசலில் நின்றால் பயத்திலேயே அவள் மனதை விட்டுவிடுவாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அவளைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கு வீடு ஸ்ரீரங்கத்தில். வைத்தியசாலையை மூடிவிட்டு, பஸ் பிடிப்பதற்கு முன் எங்கள் வீட்டுக்கு வருவார். நெற்றியில் திருமண், கையில் தோல் பை. ஒரு நாள் அவள் கழுத்து வரை போர்த்திக்கொண்டு கிடந்ததைப் பார்த்து, "என்னடி இது, எங்க பெருமாள் மாதிரி முகத்தை மட்டும் காட்டிண்டு படுத்துண்டிருக்கே?" என்றார்.

"அவரும் போர்த்திக்கிட்டா இருக்காரு?"

"ஆனி மாசம் தைலக்காப்பு சாத்திடுவா. திருமேனி பூராத் தைலம். அப்புறம் கொஞ்ச நாளைக்குத் திருமுகம் மட்டுந்தான் சேவை. திருவடி தெரியாது."

"அவருக்கும் காய்ச்சலா டாக்டர்?"

"காய்ச்சல் என்ன காய்ச்சல்! ஊரையெல்லாம் பார்த்துக்கறவர். அவரையும் யாராவது பார்த்துக்க வேண்டாமா?"

அவள் அதை வெகு நேரம் யோசித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "எனக்கு எப்பம்மா எண்ணெய் தேய்ச்சு விடுவே?" வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் நின்று வாரங்கள் ஆகியிருந்தன. முடி சிக்கு விழுந்து ஒரு கயிறு போலக் கிடந்தது. "காய்ச்சல் விட்டதும். காய்ச்சலோட எண்ணெய் தொடவே கூடாது" என்றேன். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான்.

இறங்கியிருந்த காய்ச்சல் மறுபடி ஏறியது. டாக்டர் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "இந்த வாரம் தாண்டட்டும்மா" என்றார். மறுநாள் காலை கஞ்சி இறக்கும்போது பாத்திரம் கைநழுவி அடுக்களை முழுவதும் கொட்டியது. துடைக்க உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. நான் ஜெபிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜெபமாலை கையிலேயேதான் இருந்தது. ஆனால் பாதி ஜெபத்தில் மாத்திரை வேளை நினைவுக்கு வரும், விட்ட இடம் மறந்துவிடும். ஆண்டவரிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லக்கூட எனக்குச் சத்தில்லை. கஞ்சித் தரையில் உட்கார்ந்தபடியே கணவரைக் கூப்பிட்டேன்.

"போய்ச் சாமியாரைக் கூட்டிக்கிட்டு வாங்க. ஆனா மணி கூடாது. கோயில்பிள்ளையும் வரக் கூடாது."

"அதெல்லாம் அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"டீச்சர் சொன்னாங்கன்னு சொல்லுங்க." கோயில் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர்; சாமியாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

சிறிய மேசையில் வெள்ளைத் துணி விரித்தேன். இரண்டு மெழுகுவத்தி, எண்ணெயைத் துடைக்கப் பஞ்சு உருண்டைகள், பூசிய விரலைச் சாமியார் சுத்தம் செய்துகொள்ள ஒரு எலுமிச்சம்பழத்தின் இரு பாதிகள். அப்பாவுக்காக என் அம்மா இதையெல்லாம் எடுத்து வைத்ததைப் பார்த்த கை, கேட்காமலே வரிசையாக வைத்தது.

சாமியார் பருத்த மனிதர். சைக்கிளில் வந்தார். அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி வாசலில் இறங்கியவரின் முகமெல்லாம் வியர்வை.

"தோத்திரம் சாமி."

"தோத்திரம், தோத்திரம். ஏன் டீச்சர், சைக்கிள் மணிக்குமா தடை? முக்குல ஒரு எருமை நடுவுல நிக்குது. நானும் பேசிப் பார்த்தேன், அது கேட்கலை. சாக்கடையைத் தாண்டி வந்திருக்கேன்."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் அதோடு வந்துவிட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போனார்.

மகள் கண்ணைத் திறந்து முதலில் மேசையைத்தான் பார்த்தாள். "சாமி, அந்த எலுமிச்சங்கா ஊறுகாய்க்கா?"

"ஊறுகாய் வேணுமா உனக்கு?"

"கஞ்சியே கொடுக்குறாங்க சாமி."

"கொடுமைதான்" என்று சொல்லிவிட்டு அவர் லத்தீனில் ஜெபத்தைத் தொடங்கினார். நானும் கணவரும் முழங்காலில் இருந்தோம். மூடிய கண்ணிமைகளில் எண்ணெய், பிறகு காதுகளில், மூக்கில், உதட்டில், உள்ளங்கைகளில். ஒவ்வொரு இடமாக அவர் சிலுவை வரைய, நான் அவள் முகத்தில் என் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போர்வையை விலக்கிப் பாதத்தில் பூசினார்.

"ஐயோ, கூசுது சாமி!" என்று காலை இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! நான் நிமிர்ந்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"அம்மா, காய்ச்சல் விட்டாத்தானே எண்ணெய்னு சொன்னே? அப்ப எனக்கு விட்டுடுச்சா?"

கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பயந்துவிடுவாளோ என்று நான் எந்த எண்ணெயைத் தடுத்து வைத்திருந்தேனோ, அதை அவள் பிழைத்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் எலுமிச்சையில் விரலைத் தேய்த்தபடி சொன்னார்: "அதை ஆண்டவர்தான் சொல்லணும். நான் எண்ணெய் போடுறவன்."

"ஆனா தலைக்கு மறந்துட்டீங்களே."

"மறக்கலையே. தலை உங்க அம்மா பங்கு. எல்லாத்தையும் நானே பூசிட்டா அப்புறம் அவங்க என்ன பண்ணுவாங்க?"

அவர் அதை யோசித்துச் சொன்னாரா, சிறுபிள்ளைக்குச் சமாதானமாகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை. ஆனால் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பிறகு கட்டிலருகே உட்கார்ந்தபோது, விட்டுப்போகாத ஒரு ஜெபம் எனக்குக் கிடைத்திருந்தது: 'ஆண்டவரே, தலையை எனக்கு விட்டிருக்கிறீர்.' அவ்வளவுதான். நீளமானதைச் சொல்லச் சத்தில்லாதவளுக்கு அவ்வளவு சின்னதாக நறுக்கிக் கொடுத்தது யார் என்று அப்போது யோசிக்கவில்லை. அடுப்படியில் சொன்னேன், கிணற்றடியில் சொன்னேன். மாத்திரை வேளை நடுவில் வந்தாலும் அது அறுந்து போகவில்லை.

காய்ச்சல் அன்றே இறங்கிவிடவில்லை. மறுநாளும் கொதித்தது. பிறகு ஒரு நாள் காலை நெற்றி ஈரமாக இருந்தது. என் கைதான் குளிர்ந்திருக்கிறதோ என்று கணவரைக் கூப்பிட்டுத் தொடச் சொன்னேன். அதன் பிறகும் டாக்டர் உடனே அனுமதி தரவில்லை. காவிரியில் புதுத் தண்ணீர் வந்துவிட்டதென்று அவர் ஸ்ரீரங்கத்துச் செய்தி கொண்டுவந்த சாயங்காலம்தான், "இனிமே தலைக்கு விடலாம். சுடுதண்ணி, உச்சி வெயில்ல" என்றார். மகளைப் பார்த்து, "எங்க பெருமாளுக்கு இன்னும் திருவடி சேவை ஆகலை. நீ முந்திண்டுட்டே" என்றார்.

இப்போது கோயிலில் பிரசங்கம் மாறிவருகிறது. அந்த எண்ணெய் சாகிறவர்களுக்கு மட்டுமல்ல, நோயில் கிடக்கிறவர்களுக்கெல்லாம்தான் என்கிறார்கள். நல்லது. மகள் காலேஜ் போகிறாள். ஆனாலும் அவள் இருமினால் நான் எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அவள் கையைத் தட்டிவிடுகிறாள். தெருவில் அந்தச் சின்ன மணி கேட்டால் முழங்கால் போடுகிறேன், அது யார் வாசலில் நிற்கிறதென்று காதைத் தீட்டிக்கொள்கிறேன். அந்தப் பயம் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. அப்போதெல்லாம் அந்த உச்சி வெயிலைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

கிணற்றடியில் மணையைப் போட்டு அவளை உட்கார வைத்தேன். நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சி இறக்கியிருந்தேன். முடி பாதி கொட்டிப்போய், உச்சந்தலை வெளுத்துத் தெரிந்தது. கிண்ணத்தில் விரலை நனைத்து அந்த இடத்தில் வைத்தேன். ஒரு சொட்டுக்கு மேல் வைக்க முடியவில்லை.

"என்னம்மா, நீயும் சாமி மாதிரி தொட்டுத் தொட்டு வைக்கிறே!" என்றாள் அவள், தலையை என் மடியில் முட்டி. "நல்லா அள்ளி வெச்சுத் தேய்."

அள்ளி வைத்தேன். நெற்றியில் வழிந்து கண்ணில் இறங்கியது. எரிகிறது என்று கத்தினாள். கத்தட்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தேன்.