வாளியில் மிதந்த வெண்படலம்

எள்ளுக்குள் எண்ணெய் ஒரே குளமாகக் கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொடித் துளிகளாக இருக்கும். ஒவ்வொரு துளியைச் சுற்றியும் புரதத்தாலான மெல்லிய தோல் உண்டு. அது இருக்கிறவரை துளியோடு துளி கலக்காது. தொண்ணூறுகளின் நடுவில், அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில், அந்தத் தோலின் புரதத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்க மூன்று வருஷம் அலைந்தேன். எப்போது சோதித்தாலும் வேறு புரதங்களின் கும்பல்தான் வந்து நிற்கும். "வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டு, இல்லேன்னா தலைப்பை மாத்திக்கோ" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மாற்றினால் மூன்று வருஷமும் வீண்.

மயிலாப்பூரில் எங்கள் மொட்டை மாடித் தொட்டிகளில் எள் வளர்த்தேன். மிஞ்சியிருந்த கடைசிப் பச்சைக் காய்களைப் புதன்கிழமை பறித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். விதையை அரைத்து, குழாய்களில் ஊற்றி, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினேன். மேலே வெண்ணெய் போலப் படலம் மிதந்தது. எனக்கு வேண்டிய துளிகள் அத்தனையும் அதில்தான். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. குழாய்களை அப்படியே கழுவும் மேடையில் வைத்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தால் குழாய்கள் பளபளவென்று கவிழ்ந்திருந்தன.

"ஐயோ, இதுல இருந்தது எங்கே?"

கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா நிதானமாகச் சொன்னாள்: "மேல கொழுப்பு மெதந்துகினு இருந்துச்சும்மா. வாளித் தண்ணில அலசிட்டேன். எல்லாரும் அத்தத் தூக்கித்தானே போடுவாங்க?"

வாஸ்தவம். மற்றவர்கள் அடியில் தங்குவதை எடுத்துக்கொண்டு கொழுப்பை எறிந்துவிடுவார்கள். நானோ ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "உங்களுக்கு மூளையே கிடையாதா? என் படிப்பையே சாக்கடைல கொட்டிட்டேளே!" என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"கொட்டலம்மா. இங்கதான் கீது" என்று வாளியை இழுத்து வைத்தாள்.

தண்ணீர்மேல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். வெறும் எண்ணெயாக இருந்தால் மஞ்சளாகப் படர்ந்திருக்கும். தோல் கிழியவில்லை! கரண்டியால் வழித்தெடுத்து மறுபடி சுழற்றினேன்.

புரதத்துக்கு ஒரு பட்டையாகப் பிரித்துக் காட்டும் சாயமிட்ட தகட்டில், வெள்ளிக்கிழமை நீலமாக ஒரே ஒரு பட்டை, அவ்வளவு தெளிவாக. ஒட்டிக்கொண்டிருந்த மற்ற புரதங்களெல்லாம் வாளித் தண்ணீரோடு போயிருந்தன. பேராசிரியர் "சரி, எழுது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே அவளிடம் ஓடினேன்.

"அக்கா, நீங்க அலசினதாலதான் வந்திருக்கு!"

அவள் திரும்பவில்லை. கையிலிருந்த குழாயைக் கவிழ்த்து வைத்தாள்.

"மூளை இல்லாம அலசினதும்மா அது" என்றாள்.