முதல் இரண்டு நாள்

லாத்தா போன் செய்தபோது என் கைகளில் ரப்பர் கையுறை இருந்தது. கழற்றச் சோம்பல்பட்டு, மேசைமேல் கிடந்த கைப்பேசியை முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் பேசினேன். ஐதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. பன்றிக் காய்ச்சல் பரவிய வருஷம் அது. அதற்கான மாத்திரையின் தரத்தைத்தான் நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தோம்.

லாத்தா, என் அக்கா, முத்துப்பேட்டையில் ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் கணவர், மச்சான், துபாயிலிருந்து இருமலோடு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பயந்துவிடுவார் என்று, அவர் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து என்னை அழைத்திருந்தாள்.

"காலையிலேர்ந்து காய்ச்சல்டா. உடம்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

"சாதாரணக் காய்ச்சலாத்தான் இருக்கும். பாரசிட்டமால் போட்டுட்டுப் படு லாத்தா. நாளைக்குப் பேசுறேன்."

மறுநாள் பேசவில்லை. கம்பெனியில் தணிக்கைக்கு ஆள் வந்திருந்தார்கள்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் அவள். என் விலங்கியல் நோட்டுக்குப் படமெல்லாம் அவள்தான் வரைந்து தந்தாள். அந்த மதிப்பெண்ணில் படித்து மேலே வந்தவன் நான்.

ஐந்தாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. அதுவரை உள்ளூர் மருத்துவர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். துபாய் வீட்டுக் காய்ச்சல் என்று தெரு ஒதுக்கிவிடும் என்று வீட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர் பெரிய மருத்துவமனையில் அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். இரண்டு உயிரும் போயிற்று. மச்சான்தான் நோயைக் கொண்டுவந்து கொன்றுவிட்டார் என்று ஊர் பேசியது. அவரும் அதை நம்பினார்.

விடுப்பு முடிந்து அவர் கிளம்பிய அன்று, திருச்சிக்குப் போகும் காருக்காகக் காத்திருந்தோம். "அந்த மாத்திரை என்னதான் செய்யும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டுவிட்டார். தடையில்லாமல் சொன்னேன். கிருமி நம் செல்லுக்குள் புகுந்து பெருகுகிறது. வெளியே வரும் குஞ்சுகள் செல்லின் மேலிருக்கும் ஒருவகைச் சர்க்கரையில் ஒட்டிக்கொள்கின்றன. கிருமியின் மேற்பரப்பில் நியூராமினிடேஸ் என்றொரு நொதி, கத்தரிக்கோல் மாதிரி, அந்தச் சர்க்கரையை வெட்டி அவற்றை விடுவிக்கிறது. விடுபட்டவை அடுத்த செல்லுக்குப் போகும். நம் மருந்து ஏறக்குறைய அந்தச் சர்க்கரையின் சாயலில் செய்த போலி. கத்தரியின் வாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். வெட்ட முடியாமல், குஞ்சுகள் பிறந்த இடத்திலேயே சிக்கிக் கிடக்கும்.

"அப்ப, பரவின பிறகு கொடுத்தா?"

"பெரும்பாலும் பிரயோசனம் இல்ல மச்சான். முதல் ரெண்டு நாளுக்குள்ள கொடுக்கணும்."

அவர் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். "முதல் நாளே யாருக்காவது தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாளா?"

"அதெல்லாம் சொல்ல முடியாது" என்றேன்.

கார் வந்தது. அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ அவ்வளவு தூரத்துல இருந்தே. உன்னால என்ன செஞ்சிருக்க முடியும்? மனசைப் போட்டு வருத்திக்காதே" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

தலையாட்டி அதை வாங்கிக்கொண்டேன்.