கம்பிச் சக்கரமும் தகட்டுச் சக்கரமும்

என் முதல் பிள்ளை தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, ஒரு சத்தம்கூடப் போடாமல் போய்விட்டது. அடுத்தது வயிற்றில் இருந்தபோது தோட்டத்து மருந்துக்காரர் கறாராகச் சொன்னார்: இந்தத் தடவை நாள் நெருங்கும் முன்பே மலையிறங்கி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சொல்வதற்கென்ன, சொல்லிவிட்டார். தேவிகுளத்திலிருந்து அத்தனை வளைவுகளிலும் மாட்டு வண்டியில் குலுங்கிக்கொண்டு இறங்கினால், பிள்ளை வழியிலேயே பிறந்துவிடும்.

என் வீட்டுக்காரர் தோட்டத்துத் துரையின் டிரைவர். துரையிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. கேட்டதும், தாராளமாகக் கூட்டிப் போ என்றார். ஆனால் அந்த மாதம்தான் கார் வம்பு பண்ணியது. வண்டியோடு வந்த கம்பிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டுத் தட்டு மாதிரி வழவழவென்று மூடிய தகட்டுச் சக்கரங்களைத் துரை வரவழைத்து மாட்டியிருந்தார். முதல் இறக்கத்திலேயே பிரேக்கில் புகை வந்தது, மிதித்தும் வண்டி நழுவியது. இன்னொரு தடவை புகைந்தால் கார் ஷெட்டை விட்டு நகரக் கூடாது, எந்தச் சக்கரம் சரி என்று நீயே பார்த்துச் சொல் என்று துரை என் வீட்டுக்காரரிடம் பொறுப்பை விட்டுவிட்டார்.

அவருக்கோ தகட்டுச் சக்கரத்தின் மேல் அப்படியொரு மோகம். கம்பி என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவே விரலை விட்டுச் சேறு துடைக்க வேண்டும். தகடு என்றால் ஒரே துடைப்பு. அந்தச் சோம்பேறித்தனத்துக்குப் பலம் என்று பேர் வைத்துக்கொண்டு, கனத்த சக்கரம்தான் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் என்று வாதாடினார். சக்கரம் கனத்தால் அதை நிறுத்தப் பிரேக்கும் கூடுதலாகப் பாடுபட வேண்டும் என்று துரை சொன்னது அவர் காதில் ஏறவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டையும் நிறுத்துப் பாருங்க. அதுல போகப்போறது நம்ம புள்ள" என்றேன்.

தோட்டத்தில் தராசு என்றால் கொழுந்து நிறுக்கிற தராசுதான். கூடையைக் கொக்கியில் மாட்டினால், முள் காட்டுகிற எடையைக் கணக்கப்பிள்ளை சொல்லவே மாட்டார். கூடைக்குக் கொஞ்சம், ஈரத்துக்குக் கொஞ்சம் என்று மனசுக்குள் கழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அன்று சாயங்காலம் நாங்கள் கூடைகளோடு நிற்கையில், இவர் இரண்டு சக்கரங்களையும் உருட்டிக்கொண்டு வந்தார். ஷெட்டில் கிடந்த கம்பிச் சக்கரத்தில் ஒரே தூசி. தகட்டுச் சக்கரத்தை மட்டும் ஆசையாகக் கழுவித் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்திருந்தார். கணக்கப்பிள்ளை இரண்டையும் மாட்டிப் பார்த்துவிட்டு, தகடுதான் கொஞ்சம் லேசு என்றார். என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல்.

நானோ முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் தவறாமல் அந்த முள்ளைப் பார்க்கிறவள் நான்.

"அய்யா, சக்கரத்துக்கும் ஈரம் கழிச்சிட்டீங்களோ?"

வரிசை முழுக்கச் சிரிப்பில் குலுங்கியது. எனக்குப் பின்னால் நின்றவள், சக்கரத்தில் முத்தின இலை கிடக்கிறதா என்றும் பார்த்துக் கழிக்கச் சொன்னாள். பழக்க தோஷம் என்று கணக்கப்பிள்ளையும் சிரித்துவிட்டார். துணியால் துடைத்து மறுபடி மாட்டியபோது, தகட்டுக்கு முள் நன்றாகவே கீழே இறங்கியது. கம்பிதான் லேசு.

எடை தெரிந்தது, சூடு தெரிய வேண்டுமே. அதற்கு வழி கண்டவர் என் வீட்டுக்காரர்தான், அந்தப் பெருமையை நான் பிடுங்கிக்கொள்ள மாட்டேன். காலையில் தகட்டுச் சக்கரத்தோடு தனியாக ஆற்றுப் பாலம்வரை இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பிரேக் டிரம்மின் மேல் ஒரு பச்சைக் கொழுந்தை வைத்தார். மறுநாள் கம்பிச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு போய் அதேபோலச் செய்தார். இரண்டு கொழுந்தையும் என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று கரிந்து, தொட்டதும் பொடியாயிற்று. மற்றது லேசாக வாடியிருந்தது, அவ்வளவுதான். கம்பிகளுக்கு நடுவே காற்று புகுந்து டிரம்மைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது, தகடு காற்றை மறித்துவிடுகிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

கம்பிச் சக்கரத்தில்தான் இறங்கினோம். முதல் வளைவில் கதவை இறுகப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் பள்ளம், கீழே மேகம். வளைவுக்கு வளைவு அவர் மூக்கை உறிஞ்சிப் புகை வாடை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். வரவில்லை. மிதித்த இடத்தில் வண்டி நின்றது. பாதி மலைக்குக் கீழே வெயில் உறைத்தபோது நான் நிம்மதியாகத் தூங்கிவிட்டேனாம். ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்துவிட்டு, அன்றைக்கே காரோடு மலையேறினார்.

பிள்ளை பிறந்ததும், தேயிலைப் பெட்டி ஏற்ற மேலே போகிற லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் வார்டு வாசலில் நின்றார். வேட்டியெல்லாம் செம்மண், காலில் முள் கிழித்த கீறல். கார் எங்கே என்று கேட்டேன்.

"துரை எடுத்துட்டுப் போயிருக்காரு, நாளைக்கு வந்துரும்னாங்க. நாளைக்கு வரைக்கும் என்னால பொறுக்க முடியல புள்ள. குறுக்குப் பாதையில நடந்துட்டேன்."

மகளை அவர் கையில் கொடுத்தேன். புதுக் கை பட்டதும் அவள் ஊரைக் கூட்டுகிற மாதிரி அழ ஆரம்பித்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளையை வாங்கிச் சமாதானப்படுத்தலாம் என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"அழுகைய அமத்தாத புள்ள. நான் கொஞ்ச நேரம் கேட்டுக்கிறேன்."